ஆற்றங்கரையில் ஓர் இரவு: விலைக்கா, விருந்துக்கா?

ஆறடி நிலம் என்றதும் நம்மவர்க்கு மனிதனின் இறுதி உறைவிடமே நினைவுக்கு வருகின்றது. ஆயின், உயிரோடு உலவும் ஒருவன் வெளியூரிலே ஓர் இரவு கண்ணயர்வதற்கும் அந்த ஆறடியே வேண்டியிருக்கின்றது. வீட்டைவிட்டுப் புறப்பட்டு, ஆற்றோரத்திலோ காட்டோரத்திலோ கூடாரமடித்து, விண்மீன்களைப் பார்த்தபடி உறங்க விரும்பும் இளைஞர் கூட்டம் இந்நாளில் பெருகி வருகின்றது. குழந்தை குட்டிகளோடு செல்லும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் தங்கும் அந்த ஆறடிக்கு விலை கொடுக்க வேண்டுமா? அல்லது காற்றையும் நிலவையும் போல அதுவும் எல்லார்க்கும் பொதுவானதா? விலை கொடுப்பதாயின் அதனை யாரிடம் கொடுப்பது?

விளையாட்டாகத் தோன்றும் இவ்வினாவுக்குள் ஒரு கிராமத்தின் பிழைப்பும், ஒரு காட்டின் நலமும், கையில் காசில்லாத மாணவனின் ஆசையும் அடங்கிக் கிடக்கின்றன. இதனை ஆராய்வதற்குப் புத்தளம் மாவட்டத்து எலுவன்குளத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

காட்டுக்கும் கடலுக்கும் நடுவே

புத்தளம் நகரிலிருந்து வடக்கே செல்லும் பழைய மன்னார் வீதியில், வண்ணாத்திவில்லுப் பிரிவிலே அமைந்துள்ளது எலுவன்குளம். அதன் வட எல்லையை ஒட்டி ஓடுகின்றது கலா ஓயா. தாதுசேன மன்னன் ஐந்தாம் நூற்றாண்டிலே கட்டுவித்த கலாவாவியின் நீரைச் சுமந்து, சுமார் 148 கிலோமீற்றர் தூரம் ஓடிவரும் இவ்வாறு, எலுவன்குளத்தைக் கடந்தபின் கண்டற் காடுகளின் ஊடே நுழைந்து புத்தளம் களப்பின் வடபாகத்தை அடைகின்றது. ஆற்றின் இக்கரையில் ஊர்; அக்கரையில் வில்பத்துத் தேசியப் பூங்கா. இரண்டையும் இணைப்பது தாழ்ந்து கிடக்கும் ஒரு சப்பாத்துப் பாலம்.

வில்பத்து 1905ஆம் ஆண்டில் சரணாலயமாகவும் 1938ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. 1,317 சதுர கிலோமீற்றர் பரப்புடைய அக்காட்டிலே, மழைநீரால் நிறையும் இயற்கைக் குளங்கள் பல உள்ளன. அவற்றை நம் மக்கள் வில்லு என்பர். சிறுத்தையும் கரடியும் யானையும் அங்கே வாழ்கின்றன. போர்க்காலத்தில், 1988 முதல் 2003 வரையும், பின்னர் 2006 முதல் 2010 வரையும் பூங்கா மூடப்பட்டிருந்தது. அதன் கதவுகள் மீண்டும் திறந்தபின், காடு காண வருவோர் எலுவன்குளத்து வாயிலையும் நாடலாயினர். வருவோர்க்கு இரவில் தங்க இடம் வேண்டும் அன்றோ? ஊரிலும், கலா ஓயா கடலோடு கலக்கும் கங்கேவாடியை அண்டிய பகுதியிலும், கட்டணம் பெற்றுக் கூடாரத்தில் தங்கவைக்கும் இடங்கள் அதனாலேயே தோன்றின.

கங்கேவாடி என்ற பெயரே சிந்திக்கத்தக்கது. கங்கை என்பது ஆறு. வாடி என்பது மீனவர் பருவத்துக்குப் பருவம் கடற்கரையிலே அமைத்துக்கொள்ளும் தற்காலிகக் குடில். இக்கரையோரத்து மீனவர் நெடுங்காலமாகவே காற்றையும் கடலையும் அனுசரித்து இடம்பெயர்ந்து, கம்பும் கிடுகும் கொண்டு வாடியமைத்துத் தங்கிவந்திருக்கின்றனர். காற்று மாறியதும் வாடியைக் கலைத்துச் சொந்த ஊர் திரும்புவர். ஆகவே, தங்கிச் செல்லுதல் இம்மண்ணுக்குப் புதியதன்று. புதியது யாதெனில், தொழிலுக்காக அன்றி இன்பத்துக்காகத் தங்குதலும், அதற்குக் கட்டணம் குறித்தலுமே.

மூவகை இரவுகள்

இன்று எலுவன்குளத்துச் சுற்றாடலில் ஒருவர் வெட்டவெளியில் இராத்தங்குவதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, தனியார் காணியிலே உரிமையாளரின் சம்மதத்தோடு, பெரும்பாலும் கட்டணம் செலுத்தித் தங்குவது. இரண்டாவது, பூங்காவின் உள்ளே வனஜீவராசிகள் திணைக்களம் ஒதுக்கியுள்ள இடங்களிலே முன்கூட்டியே பதிந்து, அதன் கட்டணத்தைக் கட்டித் தங்குவது. அங்கே உள்நாட்டவர்க்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவர்க்கு வேறொரு கட்டணம். மூன்றாவது, காசு எதுவும் கொடாது யாத்திரிகராகத் தங்குவது.

மூன்றாவது வழி எவ்வாறு வந்தது? வில்பத்துக் காட்டினுள்ளே பள்ளக்கண்டல் என்னும் இடத்தில் புனித அந்தோனியார் ஆலயம் ஒன்று உண்டு. ஆண்டுத் திருவிழாவுக்குப் புத்தளத்துப் பக்கத்திலிருந்து செல்லும் அடியார்கள் எலுவன்குளத்தைத் தாண்டியே காட்டினுட் புகுவர். மரநிழலிலே தறப்பாள் கட்டி, அடுப்பு மூட்டிச் சமைத்து, கோயிலைச் சூழத் தங்குவர். களப்பின் மறுபுறம், கற்பிட்டிக் குடாநாட்டின் தலவில் புனித அன்னம்மாள் ஆலயத்திலும் இதே வழக்கமே. மார்ச்சு மாதத்திலும் ஓகஸ்ட் மாதத்திலும் அங்கு நடைபெறும் திருவிழாக்களின்போது ஆலய வளவு முழுவதும் கூடாரங்களால் நிறைந்துவிடும். கிழக்கிலோ, கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் முருகனடியார்கள், குமண, யால வனங்களின் ஊடே பல நாட்கள் நடந்து, ஆற்றோரங்களில் இரவைக் கழிக்கின்றனர். அவர்களுக்காகக் காட்டுப்பாதை ஆண்டுதோறும் குறித்த சில நாட்களுக்குத் திறந்துவிடப்படுகின்றது.

உல்லாசப் பயணி கட்டணம் செலுத்த வேண்டிய அதே காட்டிலே யாத்திரிகர் இலவசமாகத் தங்குகின்றனரே, இது நீதியா என்று சிலர் கேட்கலாம். விடை காண வேண்டுமாயின், இலவசம் என்னும் சொல்லின் உள்ளே சற்று நுழைந்து பார்க்க வேண்டும்.

இலவசம் என்பது யாது?

நம் முன்னோர் வழிப்போக்கனிடம் வாடகை கேட்டதில்லை. யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களிலே மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக் கல் என்பவற்றை இன்றும் ஆங்காங்கே காணலாம். மடம் மனிதர் தங்குவதற்கு, கேணி நீருக்கு, சுமைதாங்கி தலைச்சுமையை இறக்கிவைத்து இளைப்பாறுவதற்கு, ஆவுரஞ்சிக் கல், கால்நடைகள் உடலைத் தேய்த்துத் தினவு தீர்த்துக்கொள்வதற்கு. பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடத்தின் ஊடாகத் தெருவே செல்கின்றது. மாடும் மனிதனும் ஒருங்கே இளைப்பாறிச் செல்ல வழிசெய்த அந்த ஏற்பாட்டைக் கண்டு நாம் பெருமைகொள்வது நியாயமே.

ஆனால், அம்மடத்தைக் கட்டுவதற்குக் கல் வாங்கியவர் யார்? கேணியை வெட்டியவருக்குக் கூலி கொடுத்தவர் யார்? ஊரிலே வசதிபடைத்த ஒருவர் தம் பெற்றோரின் நினைவாகவோ, ஒரு நேர்த்திக்கடனாகவோ பொருளைக் கொடுத்திருப்பார். மடத்தைப் பராமரிப்பதற்குக் காணி எழுதிவைத்த தருமசீலர்களும் இருந்தனர். வழிப்போக்கனுக்கு அது இலவசம். ஏனெனில், அவனுக்காக வேறொருவர் முன்னரே விலையைக் கொடுத்துவிட்டார்.

இக்கருத்தைப் புத்தளம் மாவட்டத்து மக்களுக்கு ஏட்டைக் காட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் அனுபவித்து அறிந்தவர்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் தத்தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 70,000க்கும் மேற்பட்ட அம்மக்களுள் பெருந்தொகையினர் புத்தளத்தையும் கற்பிட்டியையும் வந்தடைந்தனர். பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தென்னந்தோப்புகளிலும் அவர்களுக்கு இடமளிக்கப்பட்டது. ஓலைக் குடிசைகள் எழுந்தன. உள்ளூர் மக்கள் சோறும் துணியும் கொடுத்தனர். சில வாரங்களுக்கென்று அமைந்த முகாம்கள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. கிணற்று நீரும், பாடசாலை வாங்கும், கூலிவேலையும் இருசாராரிடையே பங்கிடப்பட்டன. அதனாலே காலப்போக்கில் மனக்கசப்புகளும் நேர்ந்தன. அடைக்கலம் கொடுத்தவர் எவரும் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கணக்கெழுதவில்லை. எனினும் அந்த விருந்தோம்பலின் சுமையை அவ்வூர்க் கிணறுகளும் அடுப்புகளும் சுமந்தன என்பதை மறுப்பார் யார்?

அகதியின் குடிசையையும் உல்லாசப் பயணியின் கூடாரத்தையும் ஒரு தராசிலே நிறுத்தல் தகாது. துன்பத்தால் வந்தவனிடம் விலை பேசுவது பாவம். இன்பத்துக்காக வந்தவன் விலை கொடுக்க மறுப்பதும் அழகன்று. ஆயினும் இரண்டிலும் ஓர் உண்மை பொதுவாக நிற்கின்றது. எந்த இரவும் செலவின்றிக் கழிவதில்லை. தங்குபவன் கொடுக்காவிடின், தங்க இடமளித்தவன் கொடுக்கின்றான். அவனும் கொடுக்காவிடின், நிலமே கொடுக்கின்றது.

நிலம் கொடுக்கும் விலை

நான்கு இளைஞர் கலா ஓயாக் கரையிலே ஓர் இரவு தங்குவதாக வைத்துக்கொள்வோம். சமைப்பதற்கு விறகு வேண்டும். உலர்ந்த சுள்ளி கிடைக்காவிடின் கண்டல் மரத்தின் கிளையை ஒடிக்கக் கை நீளும். கண்டல் வேர்களின் இடுக்கிலேதான் இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் ஒதுங்கி வளர்கின்றன. ஆகையால் வெட்டப்படும் ஒவ்வொரு கிளையும் மீனவன் வலையிலிருந்து எடுக்கப்படும் மீனுக்குச் சமம். அடுத்து, மலசலம் கழிக்க இடம் வேண்டும். மறைவிடம் தேடி ஆற்றோரத்துக்கே செல்வர். விடிந்தபின் பொலித்தீன் பைகளும் சோற்றுப் பொதிகளும் கிடக்கும். மீந்த உணவின் மணம் யானையை அழைக்கும். உணவுக்காக மனிதர் தங்கும் இடத்தை நாடப் பழகிய யானை, அவ்விளைஞர் ஊர் திரும்பியபின்னும் வரும். அப்போது அதன் எதிரே நிற்பவன் எலுவன்குளத்துக் குடியானவனே.

நால்வர் ஓர் இரவு தங்கியதால் காடு அழிந்துவிடாது. நாற்பது வார இறுதிகளில் நாற்பது கூட்டங்கள் வந்தால் என்னாகும்? யாத்திரிகர் விடயத்திலும் இதுவே நிலைமை. இறைவனைத் தொழச் செல்பவர் என்பதனாலே அவர் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் போத்தல் காட்டிலே கரைந்துவிடப் போவதில்லை. பக்திக்குக் கட்டணம் விதித்தல் வேண்டா. ஆனால் பக்தரின் குப்பைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

காசு எதனை வாங்குகின்றது?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். காணிக்காரருக்கு நாம் கொடுக்கும் பணம் வெறும் மண்ணுக்கு விலையா? அவர் நேர்மையானவராயின் அன்று. கலா ஓயாவையே உதாரணமாகக் கொள்வோம். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில், எலுவன்குளத்திலே ஒரு துளி மழை பெய்யாதிருக்கும் நாளிலும் ஆறு பெருகக்கூடும். மேலே ராஜாங்கனை நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டால், சப்பாத்துப் பாலத்துக்கு மேலாக வெள்ளம் பாயும். மாலையில் காலை நனைக்கும் அளவே ஓடிய நீர் நள்ளிரவில் கூடாரத்தின் வாயிலைத் தட்டலாம். அத்துடன் ஆற்றிலே முதலையும் உண்டு. எந்தத் துறையில் இறங்கலாம், எந்த மேட்டில் படுக்கலாம், யானை எந்தத் தடத்தால் நீருக்கு வரும் என்பனவற்றைக் கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வருபவர் அறியார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர் அறிவார்.

ஆகவே, நல்ல காணிக்காரருக்குக் கொடுக்கும் கட்டணம், அவரது அறிவுக்கும் விழிப்புக்கும், கிணற்று நீருக்கும், மலசலகூடத்துக்கும், மறுநாட் காலையில் துப்புரவு செய்யும் கைகளுக்கும் கொடுக்கும் கூலியாகும். இன்னொரு பயனும் உண்டு. மீன்பிடி குறைந்த பருவத்திலே படகோட்டிக் கண்டற் காட்டைக் காட்டியும், சோறு சமைத்துக் கொடுத்தும் ஒரு குடும்பம் நேர்வழியிலே நாலு காசு சம்பாதிக்குமாயின், கண்டலையும் காட்டையும் காப்பதில் அக்குடும்பத்துக்கே அக்கறை பிறக்கும். மரம் நின்றால்தான் விருந்தினர் வருவர் என்பதை அது கண்முன்னே காணும்.

பணம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அங்கும் ஓர் ஆபத்து மறைந்திருக்கின்றது. வருவாயைக் கண்டதும் வேலி நீளத் தொடங்கும். மீனவர் தோணி கட்டிய துறையும், பெண்கள் துணி வெளுத்த படியும், பிள்ளைகள் நீந்தப் பழகிய மணற்றிட்டும் ஒவ்வொன்றாகத் தனியார் கூடாரங்களின் முற்றமாக மாறிவிட்டால், ஊரவனே தன் ஆற்றைக் காண அனுமதி கேட்க நேரிடும். வெளியூர் முதலாளி ஒருவர் காணியை வாங்கி, உள்ளூரவர்க்குக் காவற்காரன் வேலை மட்டும் கொடுப்பாராயின், கட்டணத்தால் கிராமத்துக்குக் கிடைப்பது சொற்பமே. பேரூந்துச் செலவுக்கே காசெண்ணும் மாணவர்களோ படத்திலேதான் காட்டைக் காண்பர்.

பிற நாட்டார் கண்ட வழி

இவ்வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. நோர்வேயிலே 1957ஆம் ஆண்டின் சட்டமொன்று, பயிரிடாத நிலத்தில் எவரும் நடந்து செல்லவும் கூடாரமடிக்கவும் உரிமை வழங்குகின்றது. ஆயினும் மக்கள் வசிக்கும் வீட்டுக்கு 150 மீற்றருக்குள் கூடாரமடித்தல் கூடாது. பொதுவாக இரண்டு இரவுகளுக்கு மேல் அனுமதியின்றித் தங்குதலும் கூடாது. ஸ்கொட்லாந்து 2003ஆம் ஆண்டிலே இத்தகைய உரிமையைச் சட்டமாக்கியது. ஆனால் அங்கே லோமண்ட் ஏரியைச் சூழ்ந்த பூங்காவில் குப்பையும் மரம் வெட்டுதலும் மிகுந்தமையால், 2017 முதல் ஏரிக்கரையின் சில பகுதிகளில், மார்ச்சு முதல் செப்டெம்பர் வரை, அனுமதிச் சீட்டு பெறவேண்டும் என்று விதித்தனர். தொடக்கத்தில் கூடாரமொன்றுக்கு ஓர் இரவுக்கு 3 பவுண் கட்டணமாயிற்று. இலவச உரிமையைச் சிலர் பாழாக்கியதால், எல்லார்மீதும் கட்டணம் வந்து விழுந்தது.

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்து வழக்கு இன்னும் சுவையானது. அங்குள்ள பொதுப் புல்வெளிகளிலே மக்கள் கூடாரமடிப்பது நெடுநாள் வழக்கம். காணி உரிமையாளர் இருவர் அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உரிமையாளர் பக்கமே தீர்ப்பளித்தது. பூங்கா அதிகாரசபை காணிக்காரர்களோடு உடன்பாடு செய்து, கூடாரமடிக்க அனுமதி பெறுவதற்காக அவர்களுக்குப் பணம் செலுத்த முன்வந்தது. அதே ஆண்டு ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. ஈற்றில் 2025ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் உச்ச நீதிமன்றம், 1985ஆம் ஆண்டின் டார்ட்மூர்ப் பொதுநிலச் சட்டம் கூறும் திறந்தவெளிப் பொழுதுபோக்கிலே கூடாரமடித்தலும் அடங்கும் என்று முடிவு கூறியது. மக்களின் உரிமை நிலைத்தது. எனினும் அந்த உரிமை, நடந்தோ குதிரைமீதோ செல்பவர்க்கே உரியது. பெருங்கூடாரமும் கூட்டமும் கொண்டுவருபவர்க்கு அங்கு வரவேற்பில்லை.

இலங்கையிலே இத்தகைய பொது உரிமையேதும் இல்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம், காடும் தரிசும் முடிக்குரியவை என்று ஆங்கிலேயர் கொண்டனர். இன்றும் நாட்டின் நிலத்திலே பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அரசுடையது. தேசியப் பூங்காக்களோ 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. அனுமதியின்றி உட்புகுதல் குற்றமாகும். நோர்வேயிற் செய்வதை வில்பத்திலே செய்ய முயல்வது அறிவீனமுமாகும். நோர்வேயின் மலைச்சரிவிலே இரவில் யானை வருவதில்லை.

கீதாரி கற்பிக்கும் பாடம்

இத்தனை நாடுகளைச் சுற்றிவந்தபின், நம் தமிழ் நிலத்திலேயே உள்ள ஒரு பழைய வழக்கத்தைக் காண்போம். தமிழ்நாட்டில் இராமநாதபுரத்துப் பக்கத்து ஆட்டிடையர்கள், தஞ்சைப் பகுதியில் அறுவடை முடிந்ததும் மந்தைகளை ஓட்டிக்கொண்டு அங்கு செல்வார்கள். மந்தையின் தலைவரைக் கீதாரி என்பர். இரவிலே வெறும் வயல்களில் ஆடுகளை அடைத்துவைப்பதற்குக் கிடை போடுதல் என்று பெயர். கிடை போடுவதற்காகக் கீதாரி நிலக்காரருக்கு வாடகை கொடுப்பதில்லை. மாறாக, நிலக்காரரே கீதாரிக்குப் பணமோ நெல்லோ கொடுக்கின்றார்! ஏன்? ஆட்டுப் புழுக்கையும் சிறுநீரும் வயலுக்கு உரமாகின்றன. ஓர் இரவு தங்கிச் சென்றவர், நிலத்தை முன்னிலும் வளமாக்கிச் செல்கின்றார்.

விலைக்கும் இலவசத்துக்கும் இடையிலான வழக்கு இங்கே தீர்ந்துவிடுகின்றது. நிலத்தை வளமாக்கிச் செல்பவனுக்கு நிலக்காரன் கூலி கொடுப்பான். வந்த சுவடு தெரியாமல் செல்பவன் எதையும் கொடுக்கவோ வாங்கவோ வேண்டியதில்லை. சுமையை விட்டுச்செல்பவன் அச்சுமைக்கு விலை கொடுத்தே தீரவேண்டும். நிலம் யாருடையது என்று மட்டும் கேட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். இரவு எதனை விட்டுச்செல்கின்றது என்று கேட்டால், வழக்கு நம் மனச்சாட்சியிடமே வந்து சேரும்.

குடும்பத்தார்க்கும் மாணவர்க்கும்

இவ்வளவைக்கொண்டு, எலுவன்குளத்துப் பக்கம் செல்ல எண்ணுவோர்க்குச் சில முடிவுகளைக் கூறலாம்.

குழந்தைகளோடும் முதியோரோடும் செல்பவர், வாகனத்தில் பெருஞ்சாமான் ஏற்றிச் செல்பவர், பத்துப் பேருக்கு மேற்பட்ட கூட்டமாகச் செல்பவர் ஆகியோர் கட்டணம் கொடுத்தே தங்குதல் முறை. அத்தொகைக்குச் சுத்தமான நீர், மலசலகூடம், குப்பையை அகற்றும் ஏற்பாடு, ஆற்றின் குணமறிந்த ஓர் ஆள் ஆகிய நான்கும் உண்டா என்று முன்னரே கேட்டறிதல் வேண்டும். காணிக்காரர் உள்ளூரவரா, வேலை செய்வோர் உள்ளூரவரா என்று விசாரிப்பதும் தவறன்று. சோற்றையும் மீனையும் அவ்வூரிலேயே வாங்கினால், கொடுக்கும் காசு மேலும் நாலு வீடுகளை எட்டும்.

காசில்லாத மாணவர் என் செய்வது? அவர்கள் சாரணரின் வழியைப் பின்பற்றலாம். 1907ஆம் ஆண்டில் பேடன் பவல் நடத்திய முதலாவது சாரண முகாமே, பிறருக்குச் சொந்தமான பிரவுன்சீ என்ற தீவிலே, உரிமையாளரின் இசைவைப் பெற்று நடந்ததுதான். இலங்கையில் 1912 முதல் வேரூன்றிய அவ்வியக்கத்தில், கேட்டுத் தங்குவதும், தங்கிய இடத்தைத் துப்புரவாக்கி நன்றி கூறிச் செல்வதும் அடிப்படை மரபுகள். ஆசிரியர் ஒருவர் முன்கூட்டியே கடிதமெழுதிக் கேட்டால், பாடசாலை வளவையோ கோயில் மண்டபத்தையோ ஒரு தோட்டத்தின் மூலையையோ மறுக்கும் ஊர் நம் நாட்டில் அரிது. காசுக்குப் பதிலாக உழைப்பைக் கொடுக்கலாம். காலையில் ஒரு மணி நேரம் ஆற்றங்கரையிற் குப்பை பொறுக்கினால், கீதாரியைப்போல நிலத்துக்கு ஏதோ கொடுத்துச் சென்றவராவர்.

யாத்திரிகரின் உரிமையைக் காலத்துக்கும் காக்க வேண்டும். அதனைக் காக்கும் வழியோ அவர்கள் கையிலேயே உள்ளது. கொண்டுவந்த பொலித்தீனைத் திருப்பிக் கொண்டுசெல்லுதல், பச்சை மரத்தை வெட்டாமை, குறித்த நாளுக்கு மேல் தங்காமை ஆகிய மூன்றையும் ஆலய நிர்வாகத்தாரே கட்டளையாக்கினால், நாளை எந்த உத்தியோகத்தரும் காட்டின் கதவை அவர்களுக்கு அடைக்கக் காரணம் தேட முடியாது.

இறுதியாக, கட்டணக் கூடாரம் நடத்தும் காணிக்காரர்க்கும் ஒரு விண்ணப்பம். துறைக்குச் செல்லும் பாதையை மறித்து வேலியிடாதீர்கள். உங்கள் காணியிலே ஒரு சிறு மூலையை, நடந்து வரும் யாத்திரிகனுக்கும் ஏழை மாணவனுக்கும் கட்டணமின்றி ஒதுக்கிவையுங்கள். வசதியுள்ள பத்துப் பேரிடம் வாங்கும் பணம் அம்மூலையின் செலவைத் தாங்கும். முன்னொரு காலத்தில் ஒரு செல்வர் தனியே கட்டிய மடத்தை, இன்று வரும் விருந்தினர் பலர் சேர்ந்து நடத்துவதாகவே அது அமையும்.

விலையும் விருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. விலை கொடுக்க இயன்றவர் நேர்மையாகக் கொடுத்தால், இயலாதவர்க்கு விருந்தளிக்க ஊரால் முடியும். கொடுத்தவராயினும் கொடாதவராயினும், விடிந்து கூடாரத்தைச் சுருட்டும் வேளையிலே தாம் படுத்த அந்த ஆறடியை ஒரு முறை திரும்பிப் பார்த்துச் செல்லட்டும். அடுத்து வருபவர்க்கும் அந்த நிலம் வேண்டும்.